மழையில் கேமராவை வெளியே எடுக்கலாமா? பென்டாக்ஸ் கே-70 வாங்க நினைப்பவருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: "வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் வேலை. ஜூன் பிறந்தால் செப்டம்பர் வரை மழை விடாது. சோலைமந்தி, இருவாச்சி, தேயிலை பறிக்கும் ஆட்கள், மூடுபனி எல்லாம் படம் எடுக்க ஆசை. இப்போது இருப்பது சாதாரண டிஎஸ்எல்ஆர். தூறல் விழுந்தாலே பைக்குள் போட்டுவிடுகிறேன். பழைய பென்டாக்ஸ் கே-70 ஒன்று, 18-135 லென்ஸோடு விலைக்கு வருகிறது. வெதர் சீல் உள்ளது, தண்ணீரே ஊற்றலாம் என்கிறார் விற்பவர். நம்பலாமா? இந்த மாதிரிக் கேமராவில் வேறு என்னென்ன பார்க்க வேண்டும்?"

நம்பலாமா என்றால், பாதி நம்பலாம். கே-70 மழைக்காகவே யோசித்துச் செய்த கேமரா. உங்கள் ஊருக்கும் உங்கள் ஆசைக்கும் அது பொருந்தும். ஆனால் தண்ணீர் ஊற்றிக் காட்டுகிறேன் என்று விற்பவர் சொன்னால் விடாதீர்கள். அந்தச் சோதனையால் உங்களுக்கு எந்தத் தகவலும் கிடைக்காது, கேமராவுக்குத்தான் ஆபத்து. ஏன் என்று புரிய வேண்டுமானால், உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

டிஎஸ்எல்ஆர் என்பது உள்ளே மடங்கும் ஒரு கண்ணாடி வழியாகக் காட்சியைக் காட்டும், லென்ஸ் கழற்றி மாட்டும் கேமரா. அதில் தண்ணீர் புகும் வழிகள் ஏராளம். மேல் மூடியும் முன் மூடியும் சேரும் இடுக்கு, ஒவ்வொரு பட்டனின் விளிம்பு, டயல்களின் தண்டு நுழையும் துளை, பேட்டரி கதவு, கார்டு கதவு, மைக் துளை, பாப்-அப் பிளாஷ் மடங்கிப் படுக்கும் பள்ளம், ஹாட் ஷூ (மேலே வெளி பிளாஷ் மாட்டும் இடம்), கண் வைக்கும் வியூஃபைண்டர், எல்லாவற்றுக்கும் மேலாக லென்ஸ் மாட்டும் அந்தப் பெரிய வட்ட வாய். இவை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமான அடைப்பு. மூடிகள் சேரும் இடத்தில் மெல்லிய ரப்பரை வைத்துத் திருகி இறுக்குகிறார்கள். சுழலும் தண்டுகளுக்கு ஓ-ரிங். பட்டன்களுக்கு அடியில் சிலிக்கோன் படலம். கதவுகளின் உள் விளிம்பில் ரப்பர் வளையம் அல்லது மிருதுவான ஃபோம். அதோடு, ஓட்டின் ஓரங்களையே படிக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும்படி வார்த்திருப்பார்கள். நேராகப் போக வழி இல்லாமல் தண்ணீர் வளைந்து வளைந்து போக வேண்டியிருக்கும். சில துளிகள் உள்ளே இறங்கினாலும் வேகம் குறைந்து அங்கேயே நின்றுவிடும்.

இந்த ரப்பர் எல்லாமே பிரஷர் குக்கர் கேஸ்கட் மாதிரிதான். புதிதாக இருக்கும்போது கச்சிதமாகப் பிடிக்கும். வருடம் போகப் போக இறுகும், தட்டையாகும், ஓரம் விரியும். நடுவில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் பிடிப்புப் போய்விடும். கே-70 வெளிவந்தது 2016-இல். உங்களுக்கு வரும் கேமரா எந்த வருடம் விற்றதோ தெரியாது. ஆனால் உள்ளே இருக்கும் ரப்பர் புதியது அல்ல என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் தண்ணீரை ஒரு நிமிடம் மேலே ஊற்றிக் காட்டுவதற்கும், மூன்று மணி நேரம் சாரலில் நனைவதற்கும் சம்பந்தமே இல்லை. ஊற்றும் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். சாரல் ஒவ்வொரு இடுக்கிலும் உட்கார்ந்து, பொறுமையாக வழி தேடும்.

கே-70-இன் உடலில் 100 இடங்களில் சீல் வைத்திருப்பதாக பென்டாக்ஸ் சொல்கிறது. இந்த எண்ணிக்கை விளம்பரங்களில் பெரிதாக அடிபடும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். 2006-இல் வந்த கே10டி-யில் 72, 2009-இன் கே-7-இல் 77, 2013-இன் கே-50-இல் 81, அதே வருடம் வந்த கே-3-இல் 92. கே-70 வந்த அதே 2016-இல் வந்த முழு ஃபிரேம் (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமரா கே-1, இதைவிடப் பெரியது, பல மடங்கு விலை. அதில் 87-தான். அப்படியென்றால் கே-1 மழைக்கு மட்டமா? இல்லவே இல்லை. கே-70-இல் திருப்பி மடக்கும் திரைக்கு ஒரு கீல் இருக்கிறது, பாப்-அப் பிளாஷ் இருக்கிறது. துளைகள் எத்தனையோ அதற்கேற்ற அடைப்புகள். எண்ணிக்கையை வைத்து இரண்டு கேமராக்களை ஒப்பிடவே முடியாது.

ஒப்பிடுவதற்கென்றே ஒரு அளவுகோல் உலகில் இருக்கிறது. செல்போன்களில் ஐபி67, ஐபி68 என்று போடுகிறார்களே, அந்த ஐஇசி 60529 தரநிலை. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தண்ணீரில் 1 என்றால் மேலிருந்து நேராகச் சொட்டும் துளிகளைத் தாங்கும், 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். ஆனால் டிஎஸ்எல்ஆர் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் இந்தச் சான்று பக்கமே போகவில்லை. கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகையில் சிலர் போயிருக்கிறார்கள்: 2019-இல் வந்த ஒலிம்பஸ் இ-எம்1எக்ஸ் ஐபிஎக்ஸ்1, 2022-இன் ஓஎம்-1 ஐபி53. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். லென்ஸ் கழற்றி மாட்டும் கேமராவில், எந்த லென்ஸ் மாட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எல்லாமே மாறிவிடும். ஓஎம்-1-இன் ஐபி53 கூட அதற்கேற்ற சீல் உள்ள லென்ஸோடு சேர்ந்த கணக்கு. உங்கள் கே-70-க்கு ஐபி மதிப்பீடு எதுவும் கிடையாது. ஆற்றில் விழுந்தால் அவ்வளவுதான்.

லென்ஸ்தான் இதில் பாதி விஷயம். (18-135 என்பது அதன் ஜூம் வீச்சு, மில்லிமீட்டரில்.) பாடி எவ்வளவு நன்றாக அடைத்திருந்தாலும், அடைப்பில்லாத லென்ஸை மாட்டினால் மவுண்ட், அதாவது அந்த வட்ட வாய், வழியாகத் தண்ணீர் நேராகக் கண்ணாடி மடங்கும் பெட்டிக்குள் போகும். அங்கிருந்து ஒளியைத் திறந்து மூடும் ஷட்டருக்கும் படம் பதியும் சென்சாருக்கும் பெரிய தூரம் இல்லை. இங்குதான் பென்டாக்ஸ் மற்றவர்களிடமிருந்து விலகி நிற்கிறது. கேனனிலும் நிகானிலும் சீல் உள்ள லென்ஸ் என்றால் பெரும்பாலும் விலை கூடிய வரிசைகள்தான். கேனனின் 17-40 எல் லென்ஸை எடுத்துக்கொண்டால், முன்னால் ஒரு ஃபில்டர் மாட்டினால்தான் சீல் முழுமையடையும் என்று கேனனே சொல்கிறது. பென்டாக்ஸோ 18-55 மாதிரி அடிமட்ட லென்ஸிலேயே டபிள்யூஆர் (வெதர் ரெசிஸ்டன்ட், மழை தாங்கும்) என்ற வகையைக் கொண்டுவந்தது. குறைந்த செலவில் பாடியும் லென்ஸும் இரண்டுமே மழை தாங்கும் ஜோடி வேண்டுமென்றால், டிஎஸ்எல்ஆர் உலகில் பென்டாக்ஸை விடச் சிக்கனமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. நீங்கள் கேட்ட 18-135 டபிள்யூஆர் வகைதான். ஆனால் 18-55 வாங்கும்போது கவனம்: டபிள்யூஆர் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு, தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். லென்ஸின் மேல் அந்த எழுத்துகள் இருக்கிறதா என்று பாருங்கள், மவுண்ட் பக்கம் திருப்பி ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏடபிள்யூ என்று போட்டிருந்தால் அது இன்னும் கடுமையான அடைப்பு, விலையும் அதற்கேற்ப.

18-135 மாதிரி ஜூம் லென்ஸில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஜூம் செய்யும்போது குழல் வெளியே நீள்கிறது, உள்ளே இருக்கும் இடம் பெரிதாகிறது, வெளிக்காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். திரும்ப மடக்கும்போது காற்று வெளியேறும். சீல் இருந்தாலும் இந்த மூச்சு நிற்காது. மழையில் குழலை நீட்டினால் அதன் மேல் துளிகள் உட்காரும். அப்படியே மடக்கினால் அந்தத் துளிகளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போன மாதிரி. ஆகவே நனைந்த லென்ஸை மடக்குவதற்கு முன் குழலைத் துடைத்துவிட வேண்டும். இந்த ஒரு பழக்கம் பல சீல்களுக்குச் சமம். முடிந்தால் ஒரு குவியத்தூரத்தை முடிவு செய்துகொண்டு, ஜூமைத் தொடாமல், நடந்து போய் எடுங்கள்.

கதவுகளும் அப்படித்தான். வெளி மைக், ரிமோட் வயர் எதையாவது செருகினால் அந்த மூடி திறந்துதான் இருக்கும். அந்த நிமிடம் அது சீல் இல்லாத கேமரா. மழையில் ரிமோட் தேவைப்பட்டால் வயர் இல்லாத அகச்சிவப்பு ரிமோட்டை வைத்துக்கொள்ளுங்கள், கே-70 அதை ஏற்கும். மெமரி கார்டு நாள் முழுக்கத் தாங்கும் அளவில் ஒன்றை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போங்கள். லென்ஸ் மாற்றுவதை மழையில் மறந்துவிடுங்கள். ஹாட் ஷூவின் சிறிய பிளாஸ்டிக் மூடியைத் தொலைக்காமல் மாட்டி வையுங்கள், அதன் அடியில் இருப்பது மின் தொடர்பு முனைகள்.

இனி, உங்கள் ஊருக்கு மிக முக்கியமானது. மழையை விட எனக்கு அதிகக் கவலை காற்றின் ஈரத்தைப் பற்றித்தான். மழைத்துளியைத் தடுக்கும் சீல், நீராவியைத் தடுக்காது. லென்ஸ் மூச்சு விடுகிறது என்று சொன்னேனே, அந்த மூச்சோடு ஈரக்காற்றும் உள்ளே வந்துவிடும். எந்தப் பொருளின் மேற்பரப்பு, சுற்றியிருக்கும் காற்றின் பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) கீழே குளிர்ந்திருக்கிறதோ அதன் மேல் நீர் படியும். சென்னையில் 32 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும் ஒரு நாளில் பனிநிலை 27 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். ஏசி அறையில் 23 டிகிரியில் கிடந்த கேமராவை அப்படியே வெளியே கொண்டுவந்தால் முன் கண்ணாடி வெளுத்துப் போகும். வெளியில் படிந்தால் துடைக்கலாம். உள் கண்ணாடியிலும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் படிந்தால் காத்திருப்பதைத் தவிர வழி இல்லை.

வால்பாறையில் ஏசி பிரச்சினை குறைவு, ஆனால் வேறு வடிவத்தில் அதே கதை. குளிர்ந்த மூடுபனியில் இரண்டு மணி நேரம் நின்ற கேமராவை, அடுப்பெரியும் கதகதப்பான வீட்டுக்குள் கொண்டுவருகிறீர்கள். அல்லது மலையிலிருந்து ஆழியாறு பக்கம் இறங்கி, பொள்ளாச்சி வெயிலில் காரிலிருந்து வெளியே எடுக்கிறீர்கள். இரண்டிலும் குளிர்ந்த கேமராவைச் சூடான ஈரக்காற்று தொடுகிறது. வழி எளிது: குளிர்ந்த இடத்திலேயே கேமராவைத் துடைத்து, காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு மூடிவிடுங்கள். சூடான இடத்துக்கு வந்து அரை மணி, முக்கால் மணி கழித்துத் திறங்கள். நீர் கவரின் வெளிப்பக்கம் படியும், கேமராவில் படியாது.

நல்ல அடைப்புள்ள கேமராவுக்கு இதில் ஒரு எதிர்ப்பக்கமும் உண்டு. உள்ளே போன ஈரம் வெளியேறவும் அதே அளவு நேரம் எடுக்கும். மழை நாள் முடிந்ததும் தோல் பையில் திணித்து அலமாரியில் வைத்தால், சீல் இல்லாத கேமராவை விட இதில் ஈரம் அதிக நேரம் தங்கும். பிறகு லென்ஸ் பூஞ்சை. இலைநரம்பு போலக் கிளைவிட்டுப் படரும் அந்த வெள்ளை இழைகள் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், சுத்தம் செய்தாலும் தடம் போகாது. மலையில் இருப்பவர்கள் கேமராவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை உலர்பெட்டிக்கு ஒதுக்குங்கள். மின்சார உலர்பெட்டி முடியாவிட்டால், கிளிப் போட்டு இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பதமானி, இவ்வளவு போதும். 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும். ஜெல்லின் நிறம் மாறியதும் வாணலியில் சிறு தீயில் வறுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம், சமைக்காத பழைய வாணலியாகப் பாருங்கள். ஈரப்பதத்தை 30-க்குக் கீழே கொண்டு போகவும் வேண்டாம், ரப்பரும் மசகும் காய்ந்துபோகும்.

சரி, சீலை விட்டு மற்ற அம்சங்களுக்கு வருவோம். மழை தாங்கும் கேமரா என்பதற்கு இன்னொரு பொருத்தமும் வேண்டும்: நனைந்த கையோடு, மங்கலான வெளிச்சத்தில், மெனுவைத் தொடாமல் இயக்க முடிய வேண்டும். இந்த இடத்தில் கே-70 உண்மையாகவே நல்ல கேமரா.

வியூஃபைண்டரைச் சொல்கிறேன். மலிவான டிஎஸ்எல்ஆர்களில் கண்ணாடித் துண்டுகளால் ஆன பென்டாமிரர் இருக்கும், காட்சியின் 95 விழுக்காடுதான் தெரியும், கொஞ்சம் மங்கலாகவும் இருக்கும். கே-70-இல் ஒரே கண்ணாடிக் கட்டியான பென்டாபிரிசம், 100 விழுக்காடும் தெரியும், 0.95 மடங்கு பெரிதாக்கம். சோலைக்காட்டுக்குள் மழை மேகம் கவிந்த மதியத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ஒரே தொல்லை, உங்கள் மூச்சும் வியர்வையும் பட்டுக் கண்வைக்கும் கண்ணாடி பனிக்கும். சட்டைப் பையில் ஒரு காய்ந்த கைக்குட்டை அதற்கென்றே இருக்கட்டும்.

முன்னும் பின்னுமாக இரண்டு டயல்கள். ஷட்டர் வேகம் ஒன்றில், லென்ஸின் துளை அளவான அபெர்ச்சர் மற்றொன்றில். கையுறை போட்டிருந்தாலும் திருப்பக்கூடிய அளவில் அவற்றைச் செய்திருக்கிறார்கள். திரை தொடுதிரை அல்ல. சாதாரண நாளில் அது குறையாகத் தெரியலாம், மழையில் அது வரம். தொடுதிரையின் மேல் துளி விழுந்தால் அதையும் விரல் என்று நினைத்துக்கொண்டு ஃபோகஸ் எங்கோ தாவும். திரையை உள்பக்கமாகத் திருப்பி மூடிவிடவும் முடியும் என்பதால், வியூஃபைண்டரில் மட்டும் எடுக்கும்போது அப்படியே மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

பென்டாக்ஸுக்கே உரிய டிஏவி என்ற முறையை மழையில் நான் மிகவும் விரும்புகிறேன். ஷட்டரையும் அபெர்ச்சரையும் நீங்கள் தீர்மானிக்க, ஐஎஸ்ஓவை, அதாவது ஒளிக்கான உணர்திறனை, கேமரா பார்த்துக்கொள்ளும். மற்ற நிறுவனங்களில் மேனுவல் முறையில் ஆட்டோ ஐஎஸ்ஓ வைத்து இதையே செய்யலாம்தான், ஆனால் இங்கே டயலில் தனி இடமே உண்டு. மழையில் ஷட்டர்தான் படத்தின் முகத்தைத் தீர்மானிக்கிறது. நொடியில் 60-இல் ஒரு பங்கு வைத்தால் துளிகள் நீளக் கோடுகளாக விழும். 500-இல் ஒரு பங்குக்கு மேலே போனால் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக நிற்கும். பின்னணி இருட்டாகவும் மழைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படியாகவும் நின்றால்தான் மழையே தெரியும். வெளுத்த வானத்தைப் பின்னணியாக வைத்தால் எவ்வளவு கொட்டினாலும் படத்தில் ஒன்றும் இருக்காது.

சென்சாரையே அசைத்து நடுக்கத்தைச் சமன் செய்யும் வசதி கேமராவின் உடலுக்குள்ளேயே இருக்கிறது, 4.5 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) வரை என்பது நிறுவனத்தின் கணக்கு. எந்த லென்ஸ் மாட்டினாலும் வேலை செய்யும் என்பது பெரிய அனுகூலம். ஓடும் குரங்கை அது நிறுத்தாது, உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான். சென்சார் 24 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி அளவு, அதாவது முழு ஃபிரேமை விடச் சிறியது. ஐஎஸ்ஓ 3200 வரை தயங்காமல் போகலாம், 6400-உம் சமாளிக்கலாம். காகிதத்தில் 102400 வரை இருக்கிறது, அது பெட்டியில் அச்சடிக்க. மைனஸ் 10 டிகிரி வரை இயங்கும் என்பது உங்களுக்குத் தேவைப்படாது. சென்சாரை நுணுக்கமாக நகர்த்திப் பல படங்களை ஒன்றாகச் சேர்க்கும் பிக்சல் ஷிப்ட் என்ற வசதி, அசையாத பொருளை முக்காலியில் வைத்து எடுக்க அருமையானது, காற்றில் ஆடும் தேயிலைக்கு உதவாது.

பேட்டரிதான் கே-70-இன் மெலிந்த பக்கம். பிளாஷ் இல்லாமல் சுமார் 480 படங்கள். நிகான் டி7200-இல் இது 1,110. மழையில் இது வெறும் வசதிக்குறைவு இல்லை, பேட்டரி மாற்ற வேண்டுமென்றால் கதவைத் திறக்க வேண்டும். நாளின் நடுவில் குடைக்கடியிலோ ஷெட்டுக்குள்ளோ ஒதுங்கும்போது, பேட்டரி பாதி இருந்தாலும் மாற்றிவிடுங்கள். தீர்ந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்றால், அது தீர்வது நிச்சயம் கொட்டும் மழையின் நடுவில்தான்.

ஃபோகஸும் சுமார்தான். வியூஃபைண்டரில் 11 புள்ளிகள், நொடிக்கு 6 படங்கள். மரத்தில் உட்கார்ந்திருக்கும் இருவாச்சிக்குப் போதும். சிறகடித்துப் பள்ளத்தாக்கைக் கடக்கும் இருவாச்சியைத் தொடர்ந்து பிடிக்க இது போராடும். கூடவே, கனமழையில் எந்தக் கேமராவாக இருந்தாலும் அருகில் விழும் துளிகளைப் பார்த்து ஏமாறும். நடுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. பறக்கும் பறவைதான் உங்கள் முதல் ஆசை என்றால் கொஞ்சம் பொறுத்து, பழைய நிகான் டி500 தேடுங்கள். 2016-இலேயே வந்தது, 153 ஃபோகஸ் புள்ளிகள், நொடிக்கு 10 படங்கள், மழை தாங்கும் உடல். 2014-இல் வந்த கேனன் 7டி மார்க் 2-உம் அதே பயன்பாட்டுக்கானது, 65 புள்ளிகள், நொடிக்கு 10 படங்கள். ஆனால் இரண்டுக்கும் சீல் உள்ள நீளமான லென்ஸ் சேர்க்கும்போது செலவு எங்கோ போய்விடும். அதற்கு எதிராக, இந்த இரண்டு நிறுவனங்களுக்கும் நம் ஊர்களில் சர்வீஸ் எளிது. பென்டாக்ஸுக்கு அப்படிச் சொல்ல முடியாது. வாங்குவதற்கு முன், கோவையிலோ சென்னையிலோ யார் பழுது பார்ப்பார்கள் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ முக்கியம் என்றால் கே-70 வேண்டாம், முழு எச்டி-யோடு நின்றுவிடும், தரமும் சாதாரணம்தான்.

படம் எடுத்து முடித்தபின் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முதலில் தண்ணீரை உறிஞ்சும் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். எல்லாப் பக்கமும் காய்ந்தபின்தான் கார்டு கதவைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் மழை முழுக்க வெளியே நின்ற துளி, வீட்டில் வந்து உள்ளே இறங்கும். கன்னியாகுமரி, தனுஷ்கோடி பக்கம் போய் உப்புச் சாரல் பட்டால், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் துடைத்து உப்பை எடுத்துவிட்டு, பிறகு காய்ந்த துணி. உப்பு காய்ந்தால் படிகமாகும், அதோடு தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும், திருகுகளும் அரிக்கும். எதற்காகவும் குழாயடியில் காட்ட வேண்டாம்.

உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று சந்தேகம் வந்தால், இயங்குகிறதா என்று பார்க்கவே கூடாது. உடனே பேட்டரியை எடுத்துவிட்டு, கார்டையும் எடுத்து, லென்ஸைக் கழற்றி, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் சில நாள் வையுங்கள். அரிசிப் பானை வேண்டாம், தூசிதான் சேரும். ஹேர் டிரையரும் வேண்டாம், சூட்டில் ரப்பரும் பசையும் இளகும். புதிய கேமராவாக இருந்தாலும் தண்ணீரால் வந்த பழுதை உத்தரவாதத்தில் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். ஆகவே காப்பீடு என்று ஒன்று கிடைத்தால் அதில் நீர்ச் சேதம் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

கடைசியாக, விற்பவரிடம் போகும்போது என்ன பார்ப்பது. பென்டாக்ஸின் கே-30, கே-50, கே-70 வகைகளில் பலரும் சந்தித்த ஒரு நோய் இருக்கிறது. அபெர்ச்சரைக் கட்டுப்படுத்தும் மின்காந்தப் பகுதி மக்கர் செய்து, லென்ஸ் தேவைக்கு மேல் மூடிக்கொள்ளும், படங்கள் இருட்டாக வரும். வாங்கும் அன்று இதைக் கண்டுபிடிக்கலாம். மேனுவல் முறையில், ஐஎஸ்ஓவையும் நிலையாக வைத்து, அபெர்ச்சரை எஃப் 8-இல் நிறுத்தி, மாறாத வெளிச்சம் உள்ள ஒரு சுவரைத் தொடர்ந்து பத்துப் பதினைந்து தடவை எடுங்கள். எல்லாம் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். முதல் சில படங்கள் இருட்டாகி, பிறகு சரியானால் நோய் தொடங்கிவிட்டது. இந்தச் சிக்கல் பல நாள் சும்மா கிடந்த கேமராவில் முதல் படங்களில்தான் தலைகாட்டும். அதனால் நீங்கள் வருவதற்கு முன் எடுத்துப் பார்க்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவைப்பது நல்லது. லைவ் வியூவிலும் (திரையைப் பார்த்து எடுக்கும் முறை) ஒரு சுற்று எடுத்துப் பாருங்கள். இந்தச் சோதனையை 18-135 லென்ஸை வைத்தே செய்யுங்கள். 55-300 பிஎல்எம் மாதிரியான லென்ஸ்களில் அபெர்ச்சரை லென்ஸுக்குள்ளேயே மின்சாரம் இயக்குகிறது, பாடியின் கோளாறு அதில் தெரியாது.

பிறகு பேட்டரி கதவு, கார்டு கதவு, பக்கவாட்டு ரப்பர் மூடிகள் ஒவ்வொன்றையும் திறந்து, விளிம்பு ரப்பர் முழுமையாக இருக்கிறதா, மணல் இருக்கிறதா, மூடினால் அழுந்தி உட்காருகிறதா என்று நகத்தால் தொட்டுப் பாருங்கள். லென்ஸின் வழியாக டார்ச் அடித்துப் பூஞ்சை பாருங்கள். கேமராவை யாராவது திறந்து பழுது பார்த்தார்களா என்று கேளுங்கள். திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் பதில் அங்கேயே இருக்கிறது. திறந்தவர் ஒவ்வொரு ரப்பரையும் அதனதன் இடத்தில் உட்கார வைத்தாரா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. திறந்த கேமராவை மழை தாங்கும் கேமராவின் விலைக்கு வாங்காதீர்கள், சாதாரணக் கேமராவின் விலையைப் பேசுங்கள். அபெர்ச்சர் சோதனையும் கதவு ரப்பர்களும் சரியாக இருந்து, உடம்பு திறக்கப்படாததாகவும் இருந்தால் வாங்கிவிடுங்கள். இந்தப் பருவத்துக்கு 18-135 ஒன்றே போதும். இருவாச்சிக்கென்று பிறகு ஒரு லென்ஸ் சேர்க்கும்போது, அந்த 55-300 பிஎல்எம்மும் டபிள்யூஆர் வகைதான் என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.